மாவு பிசையும் கைகளும் பாஸ்கா மறைபொருளும்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்பொன்றில் நுழைந்து, "உயிர்ப்புப் பெருவிழா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது யாது?" என்று சிறுவரை வினவினோம். "புத்தாடை" என்றாள் ஒருத்தி. "சாக்லேட் முட்டை" என்றான் இன்னொருவன். பின்வரிசையிலிருந்து "பிரியாணி" என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அறைக்குத் திரும்பியபின் அந்த விடைகள் நம்மை விட்டு அகலவில்லை. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. கடையில் வாங்கியதைக் கையில் கொடுத்து, "இன்று ஈஸ்டர், சாப்பிடு" என்கிறோம். அதற்கு மேல் அவர்கள் எதைக் கண்டார்கள்?

பழைய ஏற்பாட்டில் ஆண்டவர் கையாண்ட முறை வேறு. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தைப் பெற்றோர் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டுகிறோம். ஆட்டுக்குட்டி, கசப்புக் கீரை, புளிப்பற்ற அப்பம் ஆகிய அனைத்தும் வீட்டு அடுப்பங்கரையிலேயே ஆயத்தமாகின்றன. இச்சடங்கின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றும் அங்கே கட்டளை இருக்கிறது. முதலில் பண்டம், பிறகு பிள்ளையின் கேள்வி, அதன் பிறகே விளக்கம். நாமோ விளக்கத்தில் தொடங்கி விளக்கத்திலேயே முடித்துவிடுகிறோம்!

நம் அண்டை மாநிலமாம் கேரளத்துப் புனித தோமா கிறிஸ்தவர்கள் இம்மரபை இன்றும் வீட்டில் காத்து வருகின்றனர். பெரிய வியாழன் மாலையில் அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் பெசகா அப்பம் செய்கின்றனர். அதன்மேல் குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலையைச் சிலுவையாக வைப்பதுண்டு. வெல்லமும் தேங்காய்ப்பாலும் கலந்த பாலும் உண்டு. செபத்துக்குப் பின் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை முறையாக வழங்குகிறார். அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் இதைச் செய்வதில்லை. உறவினரும் அயலாரும் கொண்டுவந்து தருகின்றனர். துயருற்ற வீடும் பாஸ்காவில் பங்கின்றிப் போகக் கூடாதென்ற அந்தக் கரிசனை நம்மை மிகவும் தொட்டது.

புதுவை வாசிகளாகிய நமக்கோ ரொட்டி அந்நியமன்று. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிவுற்றும், காலையில் நீண்ட ரொட்டி வாங்கும் பழக்கம் இங்கே மறையவில்லை. ரவையும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்ந்த விவிக்கம் கேக் இல்லாமல் கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளும் உண்டு. பிரான்சின் அல்சாஸ் பகுதியிலே உயிர்ப்பு விழாவுக்கு ஆட்டுக்குட்டி வடிவக் கேக்கைச் சுடுகின்றனர். அதற்கான மண் அச்சு நமக்குக் கிடைக்காது. கிடைக்காததால் குறைவொன்றுமில்லை.

சென்ற ஆண்டு பெரிய சனிக்கிழமை பிற்பகல், பெற்றோர் சிலருடன் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டினோம். கால் கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், சிறிது சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, முக்கால் தம்ளர் வெதுவெதுப்பான பால்: ஒரு வீட்டுக்கு இவ்வளவே போதும். அடுப்புப் பெட்டி இல்லாதோர் அஞ்ச வேண்டாம். பெரிய குக்கரில் மணலோ உப்போ பரப்பி, ரப்பர் வளையமும் குண்டும் நீக்கி, பத்து நிமிடம் சூடேற்றி, பாத்திரத்தை உள்ளே வைத்து இளந்தீயில் முக்கால் மணி நேரம் சுட்டால் ரொட்டி வெந்துவிடும். முதற்பாத்திரத்தில் நாமே பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டோம். அந்த மாவு ஒன்றரை மணி நேரம் கல்லாய்க் கிடந்தது. "சாமியின் மாவு எழவில்லை!" என்று பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர்.

மாவு பொங்கக் காத்திருந்த நேரமே பாடம் நடந்த நேரம். பெரிய சனி காத்திருக்கும் நாளல்லவா! வியாழன் இரவு முதல் மணிகள் ஒலிக்கவில்லை. பீடம் வெறுமையாய் இருந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் சோதனையாகவும், 1956 முதல் எங்கும் கட்டளையாகவும் பாஸ்கா திருவிழிப்பை மீண்டும் இரவுக்குக் கொண்டுவருமுன், அது சனி காலையிலேயே நடந்து முடிந்துவிடும். எண்பதைக் கடந்த தாத்தாக்களைக் கேட்டால் சொல்வர். இருட்டும்வரை காத்திருப்பது எத்தகைய வரம் என்பதை, மாவின்மேல் மூடிய ஈரத்துணியை ஐந்து நிமிடத்துக்கொருமுறை தூக்கிப் பார்க்கும் சிறுவனுக்குச் சொல்லிப் பாருங்கள்.

புளிப்பைப் பற்றி ஒரு சிறுமி நல்லதொரு வினா எழுப்பினாள். யாத்திராகமத்தில் வீட்டிலிருந்தே புளிப்பை அகற்றச் சொன்ன ஆண்டவர், மத்தேயு 13-இல் விண்ணரசை மாவில் கலந்த புளிப்புக்கு ஒப்பிடுவானேன்? புனித சின்னப்பர் பழைய புளிப்பைத் தீமைக்கே ஒப்பிடுகிறார். "வீட்டில் இட்லி மாவு ஒரே நாளில் அளவாய்ப் புளிக்கும், மறந்துவிட்டால் கெட்டும் போகும். சிறிதளவு கலந்தாலும் மாவு முழுவதையும் பற்றிக்கொள்வதே அதன் இயல்பு. நல்லதாயின் நல்லதாக, தீயதாயின் தீயதாக" என்றோம். அவளைவிட அவள் தாயே கூர்ந்து கேட்டாள்.

அப்போதுதான், அதுவரை பேசாதிருந்த ஒரு சிறுவன் கேட்டான்: "எங்கள் ஆயாவும் இப்படி எழுந்து வருவாங்களா, சாமி?" அவன் பாட்டியைத் தவக்காலத் தொடக்கத்தில்தான் நாம் அடக்கம் செய்திருந்தோம். அறையில் அமைதி நிலவியது.

'ஆம்' என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொய்யான உவமையாகிவிடும். மாவு தன்னுள் இருக்கும் ஈஸ்ட்டினால் எழுகிறது, அது இயற்கை. கல்லறையில் கிடந்த ஆண்டவரின் உடலை எழுப்பியது இயற்கையன்று, இறைவல்லமை. ஆகவே அவனிடம், "வருவாங்க, ஆனால் மாவு மாதிரி தானாக இல்லை. ஆண்டவர் கூப்பிடுவார், அப்போது வருவாங்க" என்றோம். பாகூர்ப் பக்கத்து வயலில் விதைநெல் மண்ணுக்குள் மறைவதையும், அருளப்பர் 12-ஆம் அதிகாரத்துக் கோதுமை மணியையும் எடுத்துச் சொன்னோம். அவனுக்கு எவ்வளவு விளங்கிற்றோ, நாமறியோம். தன் மாவுருண்டையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தானே பிசைந்து முடித்தான்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இந்த ரொட்டியை நற்கருணையெனப் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளலாகாது. வீட்டில் திருப்பலி விளையாட்டும் வேண்டாம். நம் இலத்தீன் முறைத் திருச்சபையில் பலிக்கான அப்பம் புளிப்பற்ற கோதுமை அப்பம் மட்டுமே. நாம் சுடுவது அன்பின் விருந்துக்குரிய ரொட்டி. அதைத் திருவிழிப்பு முடியுமட்டும் எவரும் தொடக் கூடாதென்றும் விதித்தோம். வாசனை வீடெங்கும் பரவியிருக்கக் காத்திருப்பது பெரியவர்களுக்கும் கடினமே! ஒரு வீட்டில் தகப்பனாரே பிடிபட்டாராம்.

உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் அந்தச் சிறுவன் நம் அறை வாயிலில் நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ரொட்டித் துண்டு; அடிப்புறம் சற்றுக் கருகியிருந்தது. ஒரு பங்கைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மாவிடம் கேட்டானாம். பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் பாட்டிக்குக் கொடு என்று அம்மா சொன்னார்களாம். கொடுத்துவிட்டு வந்திருந்தான். மீதி நமக்கு. காப்பியில் தோய்த்து, கருகிய பகுதியையும் சேர்த்தே உண்டோம்.