பருத்த கெண்டைக்காலுக்குள் என்ன இருக்கிறது?

விசேட தேவையுடைய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது தாய்மார் சொல்லும் கதையொன்றைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "மகன் அடிக்கடி விழுகிறான். தொடையில் கையை ஊன்றித்தான் எழும்புகிறான். ஆனால் கெண்டைக்கால் நல்ல மொத்தமாக இருக்கிறதே!" இடம்பெயர்ந்து அலைந்த நாட்களில் சாப்பாடு போதாததால் வந்த பலவீனம் என்று சிலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

இவை டுஷென் எனும் தசைச் சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே இது தாக்கும். தசைக்கலத்தின் மென்சவ்வு கிழியாமல் காக்கும் புரதத்தை 1987 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்து டிஸ்ரோபின் எனப் பெயரிட்டார்கள். இந்நோயுள்ள பிள்ளையின் தசையில் அப்புரதம் இல்லை. அதனால் தசை சிறிது சிறிதாக அழிய, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடிக்கின்றன. பருத்த கெண்டைக்கால் பலமாக இராததன் காரணம் இதுதான்.

அந்தக் கொழுப்புகளை இனம்பிரித்துக் காட்டும் கருவிதான் திணிவுத் திருசியமானி. மெல்லிய தசைச் சீவலொன்றின் மீது பிசுமது அயன்களை மோதவிடுவார்கள். தெறிக்கும் மூலக்கூறுகளில் பாரம் குறைந்தவை முந்தியும் கூடியவை பிந்தியும் வந்து சேரும். அந்த நேரத்தைக் கொண்டு எது எங்கே இருந்தது என்று படம் வரையலாம். பிரான்ஸ் ஆய்வாளர்கள் நோயுள்ள சிறுவர்களின் தசையை இப்படி ஆராய்ந்து 2008 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விற்றமின் ஈ தசைக்கலங்களுக்குள்ளே காணப்பட்டது. மிகவும் பழுதான பகுதிகளில் கொலஸ்திரோலும் வேறு சில கொழுப்புகளும் சேர்ந்திருந்தன. எந்தப் பகுதி எவ்வளவு பழுதடைந்தது என்பதைக் கொழுப்பின் வகையே காட்டிக்கொடுத்தது. புதிய மருந்து தசையைக் காக்கிறதா என்று ஆராயவும் இம்முறை உதவக்கூடும்.

நோயைக் கண்டறிய இந்தப் பெரிய கருவி தேவையில்லை. கிரியற்றின் கைனேஸ் எனும் இரத்தப் பரிசோதனையே முதற்படி. பரம்பரையலகுச் சோதனை அதனை உறுதிப்படுத்தும். முற்றாகக் குணமாக்க வழியில்லாவிட்டாலும், வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் மருந்தும் இயன்மருத்துவப் பயிற்சியும் பிள்ளை நடக்கும் காலத்தை நீட்டும்.

"தாய்வழி வந்த குறை" என்று பழிக்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு இம்மாற்றம் தாயிடம் இல்லாமலே புதிதாக ஏற்படுகிறது. தாயிடமிருந்து வந்தாலும் அவள் அதைத் தெரிந்து கொடுத்ததில்லை. பட்டினி கிடந்த நாட்களும் இதற்குக் காரணமல்ல.

சகோதரிகளே, அடிக்கடி விழும் பிள்ளையை "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.