மூன்று தகடுகளும் ஒரு பெட்டியும்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, பூவேலை செய்த துணியால் மூடப்பெற்ற அகன்ற கறுப்புப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கக் காணலாம். மூன்று தகடுகளை ஒரே சமயத்தில் ஏற்றுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் படம் காட்டும் கருவி அது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர், பண்டிகை முன்பணம் பெற்றும் தவணை கட்டியும் வாங்கியது. இன்று பெரும்பாலும் இயங்காமலே கிடக்கிறது. ஆயினும், அதைக் கழித்துவிட மனம் ஒப்புவதில்லை. அந்தத் தயக்கத்திற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அக்கருவியை வைத்திருந்தோர் கண்ட அனுபவங்களைக் கூறி, அக்காரணத்தை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஏன் மூன்று தகடுகள் என்னும் கேள்விக்கு முதலில் விடை காண்போம். வி.சி.டி. எனப்படும் படத்தகட்டின் இலக்கணம் 1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இசைக்கென ஏற்பட்ட 12 சென்டிமீட்டர் குறுந்தகட்டிலேயே படத்தையும் சுருக்கி அடைக்கும் முறை அது. ஒரு தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். நம் தமிழ்த் திரைப்படமோ இரண்டரை மணி நேரத்திற்குக் குறைவாக ஓடினால், கொடுத்த காசுக்குப் போதாது என்று எண்ணப்பட்ட காலம் அது. ஆகவே, ஒரு படத்திற்கு இரண்டோ மூன்றோ தகடுகள் வேண்டியிருந்தன. ஒற்றைத் தகட்டுக் கருவியில், கதை உச்சத்தை எட்டும் தறுவாயில் திரை இருண்டுவிடும். யாரேனும் எழுந்து சென்று அடுத்த தகட்டை இடவேண்டும். அந்தத் தொல்லையை நீக்கவே மூன்று தகட்டுக் கருவி வந்தது.

அதன் அமைப்பு எளியது. வெளியே நீளும் அகன்ற தட்டின்மேல் வட்டமான சுழல்மேடை ஒன்று இருக்கும். அதில் மூன்று குழிகள். ஒரு தகடு முடிந்ததும் மேடை சுழன்று, அடுத்த தகட்டை ஒளிக்கண்ணுக்கு நேராகக் கொணரும். லேசர் எனப்படும் மெல்லிய ஒளிக்கதிர் கீழிருந்து தகட்டின் மேல் பட்டு, அதிலுள்ள நுண்ணிய பள்ளங்களைப் படிக்கும். இப்படிப்பு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தை நோக்கிச் செல்வது. 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த டி.வி.டி.யில் பள்ளங்கள் மேலும் நுண்ணியவை. ஆதலால் அதன் ஒரே தகட்டில் முழுப் படமும் அடங்கியது. வெளிநாடுகளில் 5 தகடுகள் ஏற்கும் கருவிகளும், 400 தகடுகள் வரை தாங்கும் பெருங்கருவிகளும்கூட விற்கப்பட்டன. நம் வீடுகளில் மூன்றே போதுமானதாயிற்று.

இக்கருவியால் விளைந்த நன்மை சிறிதன்று. தில்லி ஆர்.கே. புரம் போன்ற அரசுக் குடியிருப்புகளில், கேபிள்காரர் மனம் வைத்தாலன்றித் தமிழ் அலைவரிசை கிட்டாத நாட்கள் உண்டு. அந்நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு குடும்பங்கள் ஒரே அறையில் கூடும். முதல் தகடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டைத் திறந்து மற்ற இரண்டை மாற்றிக்கொள்ளும் வசதி சில கருவிகளில் இருந்தது. ஒரு குழியில் படம், ஒரு குழியில் பக்திப் பாடல், ஒரு குழியில் குழந்தைகளின் கதைத்தகடு என்று வீட்டில் உடன்பாடு செய்துகொண்டோர் பலர். டி.வி.டி. வந்தபின், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பயின்ற பிள்ளைகள் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்தவாறே தமிழ் உரையாடலைச் செவிமடுத்தனர். எழுத்தறியாமலே பேச்சறிந்த பிள்ளைகள் பலருக்கு அப்பெட்டியும் ஓர் ஆசிரியரே.

குறைகளும் இருந்தன. மேடையைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் நாளடைவில் தளர்ந்துவிடும். அப்போது மேடை பாதியில் நின்று, தட்டு வெளிவராமல் அடம்பிடிக்கும். ஒளிக்கண்ணின் லென்ஸில் தூசி படிந்தால் படம் கட்டம்கட்டமாகச் சிதறும். வேற்று நாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த டி.வி.டி., நம் நாட்டுக்குரிய 5-ஆம் மண்டலக் குறியீடு அதில் இல்லாமையால் ஓட மறுக்கும். மாற்றலாகிச் செல்வோர்க்கு நேர்ந்த துன்பம் தனி வகை. தகடுகளை உள்ளேயே விட்டுக் கருவியை லாரியில் ஏற்றிவிடுவர். புதிய ஊரில் பெட்டியைத் திறக்கும்போது, குழியை விட்டு நகர்ந்த தகடு இயந்திரத்துக்குள் சிக்கிக் கீறலுண்டு கிடக்கும். பழுதுபார்ப்போரிடம் கொண்டு சென்றால், “புதிதாக வாங்கிவிடுங்கள், இதற்குச் சாமான் கிடைப்பதில்லை” என்னும் விடையே வரும்.

இனி, தயக்கத்தின் காரணத்திற்கு வருவோம். திரைப்படத்தை வேறு வழியில் காணலாம். திருமணத் தகட்டிற்கு அவ்வாறு மாற்று ஏது? எங்கள் குடியிருப்பில் வசித்த மதுரைக் குடும்பம் ஒன்றில், 2003-இல் நடந்த மகளின் திருமணம் மூன்று தகடுகளில் பதிவாகியிருந்தது. முதலாவதில் பெண்ணழைப்பு, இரண்டாவதில் முகூர்த்தம், மூன்றாவதில் நலங்கும் வரவேற்பும். அந்த நலங்கில் பாட்டியார் பாடிய பாடலைத் தவிர, அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவர் காலமான பின், ஆண்டுதோறும் திதியன்று மாலை மூன்றாம் தகட்டைப் போட்டுக் கேட்பது அவ்வீட்டு வழக்கமாயிற்று. ஓராண்டு, கருவி இரண்டு தகடுகளையும் தடையின்றி ஓட்டிவிட்டு, மூன்றாவதை மட்டும் “தகடு இல்லை” என்று அறிவித்தது. தகடு கண்ணெதிரே குழியில் இருந்தது. குடும்பத்தலைவர் அதைத் துடைத்துத் துடைத்துப் பத்து முறை இட்டுப் பார்த்தார். பின்னர் அருகிலிருந்த மருமகனிடம், “மாப்பிள்ளை, அம்மா குரல் அவ்வளவுதானா?” என்று கேட்டார். அருகே நின்ற நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை.

இவ்வாறு ஏன் நேர்கிறது? கடையில் விற்கும் திரைப்படத் தகட்டில் பள்ளங்கள் அச்சில் அழுத்தி உண்டாக்கப்படுவன. திருமணத் தகடோ, படப்பிடிப்பாளர் தம் கணினியில் எழுதித் தந்தது. அதில் ஒருவகைச் சாயப்பூச்சின்மேல் லேசர் சுட்டு அடையாளம் இடுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை மெல்ல மெல்ல வெளிறச் செய்யும். மற்றொன்றும் அறியத்தக்கது. வி.சி.டி.யின் பளபளக்கும் அடிப்பக்கத்தையே நாம் கண்போல் காக்கிறோம். உண்மையில் படத்தைத் தாங்கும் படலம், பெயர் எழுதும் மேற்பக்கத்தில், மெல்லிய பூச்சு ஒன்றுக்குக் கீழேதான் உள்ளது. அடிப்பக்கக் கீறல் சிலவற்றை மெருகிட்டு நீக்கலாம். மேற்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதிய எழுத்து, படலத்தையே கெடுத்துவிடும். ஒட்டுத்தாளைப் பிய்த்தெடுத்தால் படலமும் உடன் வரக்கூடும். டி.வி.டி.யில் அப்படலம் இரு அடுக்குகளின் நடுவே இருப்பதால் இவ்வகையில் காப்புச் சற்று மிகுதி.

ஆகவே, நேயர்கள் செய்யத்தக்கவை சில. குடும்பப் பதிவுள்ள தகடுகளைத் தனியே பிரித்தெடுங்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கவேண்டா. தகடு ஏற்கும் வசதியில்லாத கணினியாயின், யு.எஸ்.பி. இணைப்புடன் தனியே விற்கும் டி.வி.டி. இயக்கி ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். வி.சி.டி.யில் ‘எம்பெக்ஏவி’ என்னும் உறையினுள், ‘டாட்’ என்னும் பின்னொட்டுடன் காணும் பெரிய கோப்பே படம். டி.வி.டி.யாயின் ‘வீடியோ டி.எஸ்.’ என்னும் உறையை முழுவதும் படியெடுக்கவேண்டும். எடுத்த படியை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னர் அதை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில். ஓர் இயக்கி படிக்க மறுத்த தகட்டை மற்றொன்று படித்துவிடுவதும் உண்டு. ஆதலால், ஒரு மறுப்பைக் கண்டு தகட்டை எறிந்துவிடலாகாது.

மதுரைக் குடும்பத்தாரின் மூன்றாம் தகடும் அவ்வாறே வேறொரு கணினியின் இயக்கியில் ஓடியது. வெளிவட்டத்தில் இருந்த வரவேற்புக் காட்சிகள் கிட்டவில்லை. உள்வட்டத்தில் இருந்த நலங்கு கிட்டியது. பாட்டியாரின் பாட்டில் இரண்டு இடங்களில் மட்டும் குரல் தடுக்கியது. அக்குறையோடு அது நான்கு பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று தகடுகளை எழுந்திராமல் பார்க்க உதவிய பெட்டி, அவற்றை என்றென்றும் காத்துத்தரும் என்று நாம் நம்பிவிட்டோம். பார்ப்பதற்கு உதவும் கருவி வேறு, காப்பதற்குரிய முயற்சி வேறு. அலமாரியில் அடுக்கிய தகடு அடுத்த தீபாவளிக்கும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. இவ்வாரம் ஒரு விடுமுறை நாளில் அந்தத் துணியை விலக்கி, தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். படியெடுத்த பின்னர் அப்பெட்டியை வைத்துக்கொள்வதும் கழித்துவிடுவதும் உங்கள் விருப்பம்.