வேகக் காரும் அதன் விலையும்

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குப் போய்வந்த நேயர்கள் மலர்க் கண்காட்சியைப் பார்த்திருப்பீர்கள். குதிரைப் பந்தயத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்த பாதையிலே மோட்டார்க் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறி ஏறும் காட்சியைக் கண்டவர்களுக்கு மற்றவையெல்லாம் சற்று மங்கிவிடும். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய மலையேற்றப் பந்தயம் அது. அன்றைக்குக் கொழுந்து மலையின் சரிவெல்லாம் சனக்கூட்டமாயிருக்கும். வண்டி வளைவைத் தாண்டி வருவதற்கு முன்பே, இரைச்சலை மட்டும் கேட்டு, இன்ன வண்டி வருகிறது என்று சொல்லிவிடும் லயத்துச் சிறுவர்களை நான் அங்கே கண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட சிறுவர்களில் ஒருவர் வளர்ந்து, கட்டார் நாட்டிலே ஆறாண்டுகள் இயந்திரத் திருத்துநராக உழைத்து, அண்மையில் அட்டன் பக்கத்துத் தம் தோட்டத்துக்குத் திரும்பினார். ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, பழைய வேகக் கார் ஒன்று வாங்க எண்ணுகிறேன். சில வருடம் ஓட்டிவிட்டு விற்றாலும் போட்ட காசு திரும்பி வரவேண்டும்” என்றார்.

“காசு யாருடையது, தம்பி?” என்று கேட்டேன்.

பாதி தம்முடைய சேமிப்பு, மீதி தாயார் வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணம் என்றார். முப்பத்தைந்து வருடம் கூடை சுமந்த பணம். அவருக்கு நான் சொன்னவற்றையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

பழைய காரின் விலை நம் நாட்டிலே ஏன் விழாமல் நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு, வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. அக்காலத்தில் எந்த வண்டிக்கும் விலை இருந்தது. அதை வைத்து எந்த வண்டியையும் நல்ல முதலீடு என்று கருதிவிடலாகாது. வழி திறந்தபின் புதிய வண்டியோடு போட்டியிட வேண்டிய சாதாரணக் கார் ஒன்று. போட்டியே இல்லாத கார் வேறொன்று. இறக்குமதிக்கு வயது வரம்பு உண்டு. தீர்வையும் இயந்திரத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறும். ஆகவே உற்பத்தி நின்றுபோன வேகக் கார் இனி இங்கு வந்து சேர வழியில்லை. இருப்பவை குறையுமே தவிரக் கூடமாட்டா.

அத்தகைய வண்டிகள் எவை? ஹொண்டா சிவிக் டைப் ஆர் முதல் வகை 1997 முதல் 2000 வரையே செய்யப்பட்டது. 1,600 கன சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த இயந்திரத்திலே 185 குதிரைவலு. மிற்சுபிசி லான்சர் எவலூஷன் 1992இல் தோன்றி 2016இல் நின்றது. சுபாரு இம்ப்ரெசா அதற்கு நேர் போட்டி. இவையெல்லாம் பணக்காரர் சங்கதி என்பீர்கள், மெய்தான். நமது மலைநாட்டுக்கு நெருங்கிய உறவு மினி. 1959இல் இங்கிலாந்திலே பிறந்து, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ பந்தயத்தை வென்ற அந்தச் சின்னஞ்சிறு வண்டி, கொண்டையூசி வளைவுகளிலே பெரிய கார்களை இன்றும் வெட்கப்பட வைக்கும்.

பெயர் பெற்ற வண்டிக்குப் போலியும் உண்டு. சாதாரணச் சிவிக் காருக்குச் சிவப்பு முத்திரையும் சிவப்பு இருக்கையும் பூட்டி டைப் ஆர் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். முத்திரையை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். மெய்யான வண்டியின் சட்டக எண் ஈ.கே.9 என்று தொடங்கும்; இயந்திரத்தில் பி16பி என்று பொறித்திருக்கும். எவலூஷன் ஏழு முதல் ஒன்பது வரையுள்ளவற்றின் சட்டக எண் சி.டி.9.ஏ என்று தொடங்கும். அந்த எண்ணைச் சுற்றியுள்ள தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். புதுவர்ணமோ, உருக்கி ஒட்டிய தழும்போ தட்டுப்பட்டால், விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எண்ணுக்கு அடுத்தது பத்திரம். இங்கே நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய வேகக் காரை, விற்றவர் கையொப்பமிட்டுத் தந்த வெற்றுப் படிவத்தோடு வாங்கினேன். ‘ஓப்பன் பேப்பர்’ என்று வழங்கும் முறை அது. எட்டு மாதம் பெயர் மாற்றாமலே ஓட்டினேன். அந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பின்னர்த்தான் பதிவேட்டிலே நிதி நிறுவனமொன்று முழு உரிமையாளராகக் குறிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. விற்றவர் தவணையை நிறுத்தி வெகுகாலம். வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்; வாசலில் நின்று பார்த்தேன். ஆகையால், பணம் கைமாறுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே விவரம் எடுத்து, சட்டக எண், இயந்திர எண், முழு உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். இயந்திரம் மாற்றிய வண்டியானால் அந்த மாற்றமும் பதிவாகியிருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு ஏலத்தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். தரம் என்ற இடத்தில் ஆர் என்ற எழுத்திருந்தால் வண்டி விபத்துக்குப்பின் திருத்தப்பட்டதென்று பொருள். ஓடிய தூரத்தையும் அதிலே பார்த்துக்கொள்ளலாம். தூரமானியைப் பின்னோக்கித் திருப்பும் வித்தை பழையது.

இனி ஓட்டிப் பார்ப்பது. கொழும்பு ஆசாமிகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிதலும் குறையும். டர்போ இல்லாத நல்ல இயந்திரங்கூட அங்கே சோம்பித்தான் இழுக்கும். அதைக் கண்டு நல்ல வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். டர்போ உள்ள வண்டியோ இந்தக் குறையைப் பெரும்பாலும் தானே நிரப்பிக்கொள்ளும். அதுவும் சோம்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. கார்புரேற்றர் பூட்டிய பழைய மினி உயரத்திலே கறுப்புப் புகை விடுவது பெரும்பாலும் பெற்றோல் மிகுதியால், சீர் செய்துவிடலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதன் அடையாளம், அது செலவு. சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கருவியும் மலையிலே குறைத்தே காட்டும். ஆதலால் எண் பெரிதா என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஒத்திருக்கின்றனவா என்பதையே பாருங்கள்.

ஏறிப் பார்ப்பதோடு நில்லாமல் இறங்கியும் பாருங்கள். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வரை இறங்கினால் பிரேக்கின் உண்மை வெளிப்பட்டுவிடும்: மிதிகட்டை மெத்தென்று ஆழ்கிறதா, சக்கரம் ஒருபக்கம் இழுக்கிறதா, கருகல் மணம் வருகிறதா. நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையிலே 2023 ஜனவரியில் பேருந்தும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்கள் போனதை நாம் மறந்திருக்கமாட்டோம். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கத் தெரியாதவருக்கு வேகக் காரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

மலைநாட்டு வண்டிக்கு மூடுபனியும் ஓயாத மழையும் தரும் பரிசு துரு. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மினிக்குக் கதவின் கீழுள்ள படிப்பகுதியும், பின்புறம் பற்றரி வைக்கும் குழியும் முதலில் அரிக்கும். இயந்திரத்தை எங்கும் பழுதுபார்க்கலாம். உளுத்த உடலைத் தேற்றுவது கடினம்.

இன்னொன்று: கூட்டிப் பூட்டிய அலங்காரங்களுக்கு வாங்குகிறவன் காசு தரமாட்டான். தொழிற்சாலையில் பூட்டிய சக்கரமும் இருக்கையும் புகைபோக்கியும் அப்படியே உள்ள வண்டிக்கே பின்னாளில் மதிப்பு. நீங்களே மாற்றினாலும் கழற்றியவற்றை எறியாமல் கட்டி வையுங்கள். 95 ஒக்டேன் பெற்றோலின் செலவையும் கணக்கிலே சேருங்கள். டர்போ வண்டிக்கு 92 ஊற்றிச் சிக்கனம் பிடித்தவர்கள் பிறகு பிஸ்டன் வாங்கினார்கள்.

தம்பியும் நானும் அட்டனில் ஒரு சிவிக் காரைப் போய்ப் பார்த்தோம். பளபளப்புக்குக் குறைவில்லை. சட்டக எண்ணருகே தகடு சற்றே மேடாயிருந்தது. தம்பி விரலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விற்பவர் உடனே இரண்டு இலட்சம் குறைத்தார். பிறகு இன்னும் ஒன்று. திரும்பிவரும் வழியில் தம்பி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் தாயாரின் பணத்தை வங்கியிலே போட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். தலவாக்கலையில் ஒரு மினி இருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதன் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க நாங்கள் போகிறோம்.