இணையவழிப் போக்கரில் பல மேசை ஆட்டம்

இணையவழிப் போக்கரில் ஒரே ஆட்டக்காரர் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மேசைகளில் அமர்ந்து ஆடுவது பல மேசை ஆட்டம் எனப்படும். ஆட்டக்காரர்கள் இதை மல்ட்டி டேபிளிங் என்றே சொல்வார்கள். சூதாட்ட விடுதியில் ஒருவர் ஒரு நாற்காலியில்தான் உட்கார முடியும். கணினித் திரையில் அந்தத் தடை இல்லை. நான்கு மேசை, எட்டு மேசை என்பது சாதாரணம். இருபத்து நான்கு மேசைகளை ஒரே நேரத்தில் பல மணி நேரம் ஆடி அதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். போக்கர் என்றால் எதிராளியின் முகத்தைப் படிப்பது என்று திரைப்படங்கள் காட்டும். பல மேசை ஆட்டத்தில் அந்த முகமே கிடையாது. அது ஏறக்குறைய ஆலை வேலையைப் போன்றது.

தோற்றம்

உண்மைப் பணத்துக்கான முதல் இணையப் போக்கர் ஆட்டம் 1998 சனவரி 1 அன்று பிளானட் போக்கர் என்னும் தளத்தில் நடந்தது. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கணக்காளராக வேலை பார்த்த கிரிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் சிறு கட்டணத் தகுதிப் போட்டி ஒன்றின் வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து, முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அதன் பிறகு இணையத் தளங்களில் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதால் எந்த நேரத்திலும் ஒரே பந்தய அளவில் பல மேசைகள் நடந்துகொண்டிருந்தன. பல மேசை ஆட்டம் வளர இதுவே வழி செய்தது.

ஒரு மேசை ஏன் போதவில்லை

ஒருமுறை சீட்டுப் போட்டு, பந்தயம் வைத்து, வெற்றியாளர் பணத்தை எடுப்பது வரையிலான சுற்றை ஒரு கை என்பார்கள். விடுதியில் சீட்டுக் கலைத்துப் போடுபவர் மனிதர் என்பதால் மணிக்கு ஏறத்தாழ 30 கைகள்தான் முடியும். இணையத்தில் ஆறு பேர் மேசையில் 70, 80 கைகள் ஓடும். இதிலும் கவனமாக ஆடுபவர் பெரும்பாலான கைகளைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுவார். இதை ஃபோல்டு செய்தல் என்பர். ஃபோல்டு செய்தபின் அடுத்த சீட்டு வரும்வரை அவருக்கு வேலையில்லை. அந்தக் காத்திருப்பை இன்னொரு மேசையைக் கொண்டு நிரப்புவதே பல மேசை ஆட்டத்தின் அடிப்படை.

லாபத்தைப் பொதுவாக 100 கைகளுக்கு எத்தனை பெரிய பிளைண்டு என்று அளக்கிறார்கள். பெரிய பிளைண்டு என்பது ஒவ்வொரு கையிலும் கட்டாயமாக வைக்க வேண்டிய இரண்டு பந்தயங்களில் பெரியது. கையில் சீட்டு எப்படி இருந்தாலும் முறை வரும்போது அதை வைத்தே ஆக வேண்டும். ஒரு நல்ல ஆட்டக்காரர் ஒரே மேசையில் முழுக் கவனத்துடன் ஆடி 100 கைக்கு 5 பிளைண்டு ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கை என்றால் அவர் வருமானம் 4 பிளைண்டு. எட்டு மேசை ஆடும்போது கவனம் சிதறி 100 கைக்கு 3 என்று குறைகிறது. ஆனால் மணிக்கு 640 கை ஆடுவதால் வருமானம் 19.2 பிளைண்டாக உயர்ந்துவிடுகிறது. பதினாறு மேசைக்குப் போகிறார், 100 கைக்கு 1 ஆகக் குறைகிறது என்றால் 1,280 கைக்கு 12.8 பிளைண்டு மட்டுமே. ஒவ்வொரு கையிலும் மோசமாக ஆடிக்கொண்டே மொத்தத்தில் அதிகம் சம்பாதிக்கலாம். ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். பலர் அதைத் தாண்டிய பிறகே கண்டுகொள்கிறார்கள்.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. போக்கரில் குறுகிய காலத்துக்கு அதிர்ஷ்டத்தின் கை ஓங்கியிருக்கும். ஆறு பேர் மேசையில் 100 கைகளின் முடிவு சராசரியிலிருந்து 90 பிளைண்டு அளவுக்கு மேலும் கீழும் விலகுவது இயல்பு. இதே விலக்கத்தை வைத்துக் கணக்கிட்டால், 10,000 கை ஆடிய பிறகும் ஒருவரின் சராசரி 100 கைக்கு 9 பிளைண்டு வரை இப்படியும் அப்படியும் ஆடலாம். உண்மையில் 3 பிளைண்டு ஈட்டும் திறமை உள்ளவர் 6 பிளைண்டு நட்டத்தில் நிற்கலாம். உண்மையில் தோற்கும் ஆட்டக்காரர் தன்னை வல்லவர் என்று நினைத்துக்கொண்டும் இருக்கலாம். ஒரு லட்சம் கை ஆடினால் இந்த மயக்கம் 3 பிளைண்டுக்குச் சற்றுக் கீழே குறையும். ஒரு மேசையில் ஒரு லட்சம் கைக்கு 1,250 மணி நேரம் வேண்டும். பத்து மேசையில் 125 மணி நேரம் போதும். தான் வெல்கிறோமா தோற்கிறோமா என்பதையே விரைவில் தெரிந்துகொள்ளப் பல மேசை உதவுகிறது. தெரிந்துகொள்வதற்குள் எவ்வளவு பணம் போயிருக்கும் என்பது வேறு கணக்கு.

திரையும் கவனமும்

மேசைகளைத் திரையில் அடுக்க மூன்று வழக்கங்கள் உண்டு. தரையில் ஓடு பதிப்பதுபோல் பக்கம் பக்கமாகப் பரப்பி எல்லாவற்றையும் ஒரே பார்வையில் வைப்பது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகித் தெரியும்படி சரிப்பது இன்னொன்று. மூன்றாவதில் எல்லா மேசைகளும் ஒரே கட்டாக இருக்கும். முடிவெடுக்க வேண்டிய மேசை தானாக மேலே வரும், முடிவெடுத்ததும் அடியில் போய்விடும். கடைசி முறையில்தான் மேசை எண்ணிக்கையை மிக அதிகமாக்க முடியும். ஆனால் மேலே வரும் மேசையில் இதற்கு முன் என்ன நடந்தது என்பது ஆட்டக்காரருக்குத் தெரியாது.

இருபத்து நான்கு மேசை என்றால் மணிக்கு 1,920 கை, நிமிடத்துக்கு 32 கை. இரண்டு நொடிக்கு ஒரு கை என்ற வேகத்தில் சிந்திக்க இடமில்லை. ஆகவே சிந்தனையை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறார்கள். எந்த இருக்கையில் எந்தச் சீட்டு வந்தால் ஏற்றுவது, எதை விடுவது என்று பட்டியல் மனப்பாடமாக இருக்கும். சிக்கலான சூழலுக்குள் கொண்டுபோகும் சீட்டுகளை ஆடாமலே விட்டுவிடுவார்கள். வெறுங்கையை வைத்துக்கொண்டு பெரிய பந்தயம் கட்டி மிரட்டும் பிளஃப் குறைந்துவிடும். எட்டுச் செய்திகளை ஒருசேர மனத்தில் தாங்கும் அட்டாவதானத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் போக்கு நேர் எதிரானது. அவதானி ஒவ்வொன்றையும் தனித்தனியாக நினைவில் வைக்கிறார். பல மேசை ஆட்டக்காரரோ எல்லா மேசைகளையும் ஒன்றுபோல ஆக்கி, நினைவில் வைக்க வேண்டிய தேவையையே ஒழிக்கப் பார்க்கிறார்.

நினைவுக்குப் பதிலாக மென்பொருள் வந்தது. போக்கர் டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்றவை ஆடிய ஒவ்வொரு கையையும் சேமித்து, எதிராளியின் பெயரருகே அவர் எத்தனை விழுக்காடு கைகளில் நுழைகிறார், எத்தனை முறை ஏற்றுகிறார் என்ற எண்களைக் காட்டும். முகத்தைப் படித்த இடத்தில் எண்ணைப் படிப்பது வந்தது. மாறாத முறையில், மாறாத வேகத்தில் ஆடுபவரை நிரலிலிருந்து பிரித்தறிவது கடினம். எனவே தளங்கள் சில நேரம் ஆட்டத்தின் நடுவில் எழுத்துப் புதிரைக் காட்டி, ஆடுபவர் மனிதர்தானா என்று சோதிப்பதுண்டு.

இந்த ஆட்டமுறையின் உச்சிக்குக் கின்னஸ் சாதனைகளே சான்று. பிரான்சைச் சேர்ந்த பெர்ட்ரான் குரோஸ்பெல்லியே 2009-இல் ஒரு மணி நேரத்தில் 62 சிறு போட்டிகளை ஆடினார். அவர் அதற்கு முன் தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைத் தொழில்முறையாக ஆடியவர். விரலும் கண்ணும் அங்கே பழகியவை. 2012 சனவரியில் அமெரிக்கரான ராண்டி லூ எட்டு மணி நேரத்தில் 23,493 கைகள் ஆடினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 49 கை. அந்த எட்டு மணி நேர உழைப்பில் அவருக்குக் கிடைத்த லாபம் 7 டாலர் 65 சென்ட்.

புள்ளி வேட்டை

அவ்வளவு குறைந்த லாபத்துக்கு ஏன் ஆட வேண்டும் என்ற கேள்விக்கு விடை மேசையில் இல்லை, தளத்தின் சலுகைத் திட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு கையிலும் சேரும் பந்தயத் தொகையில் ஒரு பங்கைத் தளம் எடுத்துக்கொள்ளும். இதற்கு ரேக் என்று பெயர். நிறைய ரேக் கட்டியவருக்கு ஒரு பகுதியைத் தளம் புள்ளிகளாகத் திருப்பித் தரும். போக்கர்ஸ்டார்ஸில் ஓராண்டில் பத்து லட்சம் புள்ளி சேர்த்தவருக்குச் சூப்பர்நோவா எலைட் என்ற தகுதி கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடாமல் ஆடினாலும் நாளொன்றுக்கு 2,740 புள்ளி தேவை. பல மேசை இல்லாமல் அதை எட்டுவது நடுத்தரப் பந்தயங்களில் நடவாத காரியம். மேசையில் லாபமுமில்லை நட்டமுமில்லை என்று நின்று, சலுகையை மட்டுமே வருமானமாகக் கொண்டவர்கள் இப்படி உருவானார்கள்.

2015 இறுதியில் நிறுவனம் இந்தத் திட்டத்தை மாற்றியது. அந்த ஆண்டு முழுவதும் உழைத்துத் தகுதி பெற்றவர்கள் 2016-இல் கிடைக்கும் என்று நம்பியிருந்த சலுகைகள் பெரிதும் வெட்டப்பட்டன. திசம்பர் 1 முதல் 3 வரை ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு விலகி வேலைநிறுத்தம் செய்தனர். பயன் இல்லை. நிறுவனத்தின் பார்வையில், இவர்கள் பொழுதுபோக்காக ஆட வருபவர்களின் பணத்தை விரைவில் கரைத்து வெளியேற்றுகிறார்கள். மேசையில் ஆறு பேரில் ஐவர் இருபது மேசை ஆடுபவர்களாக இருந்தால், மீதி ஒருவருக்கு ஆட்டம் மெதுவாகவும் சலிப்பாகவும் இருக்கும். இந்த வாதத்தில் நிறுவனத்தின் சுயநலம் தெளிவாகத் தெரிந்தாலும், வாதம் தவறு என்று சொல்ல முடியாது. 24 பண மேசைகள் வரை அனுமதித்துவந்த போக்கர்ஸ்டார்ஸ், 2019-இல் அந்த உச்சவரம்பை நான்காகக் குறைத்தது.

இதற்கு முன்பே வேகத்துக்கு வேறு வழியும் வந்திருந்தது. 2010-இல் ஃபுல் டில்ட் தளம் அறிமுகப்படுத்திய ரஷ் போக்கரில், ஃபோல்டு செய்த நொடியே ஆட்டக்காரர் வேறு மேசைக்கு மாற்றப்பட்டு அடுத்த சீட்டைப் பெறுவார். காத்திருப்பே கிடையாது. ஒரே சாளரத்துக்குள் பல மேசைகளின் வேகம் வந்துவிட்டது.

தோற்பவரின் கணக்கு

பல மேசை பற்றிய பாடங்கள் பெரும்பாலும் வெல்பவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ரேக் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் ஆட்டக்காரர்களில் லாபம் காண்பவர் சிறுபான்மையினர்தான். மற்றவர்களுக்கு அதே பெருக்கல் எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. பெரிய பிளைண்டு 1 டாலர் உள்ள ஒரு மேசையில், 100 கைக்கு 6 டாலர் இழக்கும் ஒருவர் மணிக்கு 4.80 டாலர் இழப்பார். ஒரு மாலைப்பொழுதுக்குச் செலவான தொகை என்று அதை விட்டுவிடலாம். அவரே ஆறு மேசைக்குப் போய், கவனம் குறைந்து 100 கைக்கு 9 டாலர் இழந்தால் மணிக்கு 43.20 டாலர். மேசைக்கு 100 டாலர் வீதம் 600 டாலர் ஒரே நேரத்தில் ஆபத்தில் இருக்கும்.

இழந்ததைப் பிடித்துவிடலாம் என்று மேசைகளைக் கூட்டுவதுதான் இதில் மிக மோசமான வழக்கம். கோபத்திலும் பதற்றத்திலும் நிதானம் தவறி ஆடுவதைப் போக்கரில் டில்ட் என்பார்கள். ஒரு மேசையில் ஏற்பட்ட டில்ட் அந்த மேசையோடு நிற்பதில்லை. அடுத்த சில நொடிகளில் திரையிலுள்ள எல்லா மேசைகளிலும் அது பந்தயமாக மாறுகிறது. நேரில் ஆடுபவர் எழுந்து வெளியே போய்விடலாம். பல மேசை ஆடுபவர் எழ நினைத்தாலும் ஏதோ ஒரு மேசையில் அவர் முறை வந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் அமர்வதற்கு முன்பே நேர அளவையும் இழப்பு வரம்பையும் குறித்துவைப்பதும், மேசையைக் கூட்டுவதானால் ஒவ்வொன்றாகவே கூட்டுவதும் இதனால்தான்.

இந்தியச் சட்ட நிலை

போக்கர் திறன் விளையாட்டா சூதா என்ற வழக்கு இந்திய நீதிமன்றங்களில் நெடுநாள் நடந்தது. தமிழ்நாடு அரசு 2022-இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் பொதுவாக ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது செல்லாது என்றது. பின்னர் 2025-இல் மாநில அரசு விதிகளைக் கொண்டுவந்து, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறன், அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதையும் விளம்பரப்படுத்துவதையும் நாடு முழுவதும் தடை செய்தது. அதையொட்டி இந்தியாவின் பெரிய போக்கர் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. தண்டனை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் உரியது. ஆடுபவரைக் குற்றவாளியாக அச்சட்டம் கருதவில்லை.