கல்யாணப் படத்துக்குக் கெமரா வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்



போன மாதம் நம்ம டிவிசன் தம்பி ஒருவர் ஆபீசுக்கு வந்தார். "சேர், கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கலாம்னு இருக்கேன். புதுக் கெமரா ஒண்ணு லீசிங்ல பார்த்து வச்சிருக்கேன். வாங்கலாமா?" என்று கேட்டார். இதே கேள்வியை இந்த வருசத்தில் மூன்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இந்த இதழில் எழுதுகிறேன்.

அந்தத் தம்பிக்கு முதலில் ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சல்லியில் நடந்தது

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறின. எங்கள் பெரியப்பா குடும்பமும் அப்படித்தான் போனது. அவருடைய பேத்திக்குச் சில வருசத்துக்கு முன் சல்லியில் கல்யாணம். சல்லி என்பது திருகோணமலை டவுனுக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம் உள்ள கடற்கரைக் கிராமம். அங்கே கடலோரத்தில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்குதான் தாலிகட்டு.

பொண்ணோட தகப்பன் அந்த நேரம் வெளிநாட்டில் வேலை. லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுற படத்தை மட்டும் நல்லா எடுத்து அனுப்புங்க, அது போதும்" என்று போனில் சொல்லியிருந்தார். படம் எடுக்க வந்த பையன் தொழிலுக்குப் புதுசு. கையில் புத்தம்புதுக் கெமரா, அதோடு பெட்டியில் வந்த லென்ஸ், ஒரே ஒரு மெமரி காட்.

ஆல்பம் வந்தது. வெளியே கடலைப் பின்னால் வைத்து எடுத்த படங்களில் எல்லார் முகமும் கறுப்பு. உள்ளே எடுத்ததில் கை எல்லாம் இழுபட்டுப் போயிருந்தது. தாலி எது, மாலை எது என்று தெரியவில்லை. விருந்துப் படங்கள் காட் பழுதாகி அழிந்தே போய்விட்டன. அந்தத் தகப்பனுக்கு அனுப்ப ஒரு நல்ல படம் இல்லை.

பையன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காசை எங்கே போட வேண்டுமோ அங்கே போடாமல் வேறு இடத்தில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். கல்யாணத்தில் தாலியை இரண்டாம் முறை கட்டச் சொல்ல முடியாது. அதனால்தான் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் லென்ஸ், பிறகு கெமரா

கோயில் உள்ளே, லயத்துக் காம்பராவில், இராத்திரி பந்தலில் வெளிச்சம் குறைவு. அங்கே கெமராவைக் காப்பாற்றுவது லென்ஸ்தான்.

மழை பெய்யும்போது வாசலில் ஒரு கோப்பையும் ஒரு வாளியும் வைக்கிறோம். பத்து நிமிசத்தில் எதில் தண்ணீர் கூட இருக்கும்? வாளியில்தான். வாய் அகலம் அல்லவா. லென்ஸும் அப்படித்தான். அதன் வாய் எவ்வளவு அகலம் திறக்கும் என்பதை எஃப் என்ற இலக்கம் சொல்லும். இந்த இலக்கம் சின்னதானால் வாய் பெரிது என்று அர்த்தம். இது தலைகீழான கணக்கு, மறந்துவிடாதீர்கள்.

கெமராவோடு பெட்டியில் வருகிற 18–55 மில்லிமீட்டர் லென்ஸ், கிட்டத்தில் இழுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 என்ற சின்ன லென்ஸ், அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெட்டி லென்ஸில் ஒரு செக்கனில் 15இல் ஒரு பங்கு நேரம் கதவு திறந்திருக்க வேண்டிய இடத்தில், இந்த லென்ஸில் 125இல் ஒரு பங்கு நேரம் போதும். மாப்பிள்ளை கை நடுங்கினாலும் முடிச்சுத் தெளிவாக விழும். சல்லியில் போன படம் இதனால்தான் போனது.

கெனன் கம்பனி இந்த 50 எஃப் 1.8 வகையை 1990இல் இருந்து மலிவு லென்ஸாகப் போட்டு வருகிறது. 2015இல் புது மாதிரி வந்தது. பழைய மாதிரியும் படம் எடுக்கும். நிக்கோன்காரர்களுக்கும் 50 எஃப் 1.8 உண்டு. 2009இல் வந்த 35 எஃப் 1.8 லென்ஸும் உண்டு. ஒதுக்கமான இடத்துக்கு 35தான் வசதி.

நிக்கோன் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். டி 3000, டி 5000 வரிசைக் கெமராக்களில் லென்ஸைத் தானாகச் சரி பண்ணும் மோட்டார் உள்ளே இல்லை. 'டி' என்று முடிகிற பழைய 50 லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் திருப்பித் தெளிவாக்க வேண்டும். அந்தக் கெமராக்களுக்கு 'ஏ.எஃப்.எஸ்.' என்று எழுதியிருக்கிற லென்ஸையே கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் பெட்டி லென்ஸைத் தூக்கி எறிவதா? வேண்டாம். அதுவும் தேவை. பத்தடி தள்ளி நின்று 50 லென்ஸில் பார்த்தால் அகலவாட்டில் நாலரை அடி மட்டும்தான் தெரியும். அதே இடத்தில் 18இல் பன்னிரண்டு அடி தெரியும். காம்பராவுக்குள் நலங்கு வைக்கும்போது, இஸ்தோப்பில் சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது 18தான் கைகொடுக்கும். ஆகக் குடும்பப் படத்துக்குப் பெட்டி லென்ஸ், தாலிக்கு 50. இந்த இரண்டும் போதும். தூரத்தை இழுக்கிற நீட்டு லென்ஸைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மலிவான நீட்டு லென்ஸ் எல்லாம் வாய் குறுகியவை.

இன்னொரு விசயம். எஃப் 1.8இல் ஒரு முகம் தெளிவாக இருந்தால் பக்கத்து முகம் மங்கும். பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரும் விழ வேண்டும் என்றால் 2.8இல் வையுங்கள். அப்போதும் பெட்டி லென்ஸைவிட நாலு மடங்கு வெளிச்சம் இருக்கும். பத்துப் பேர் நிற்கும் படத்துக்குப் பகல் வெளிச்சத்தில் 5.6 அல்லது 8.

கெமரா புதுசாக இருக்க வேண்டியதில்லை

2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் விலை அதோடு ஏறிவிட்டது. புதுசு வாங்க இது சரியான காலம் இல்லை. அதேநேரம், பெரிய படப்பிடிப்பாளர்கள் கண்ணாடி இல்லாத புது வகைக் கெமராவுக்கு மாறுவதால் பழைய வகை நல்ல கெமராக்கள் விற்பனைக்கு வருகின்றன. இதுதான் நமக்கு வாய்ப்பு.

நிக்கோனில் டி 90 (2008), டி 7000 (2010). கெனனில் 60டி (2010), 600டி (2011), 700டி (2013). இவற்றில் எதுவும் கல்யாணப் படத்துக்குப் போதும். "12 மெகாபிக்சல்தானே" என்று டி 90ஐக் கடைக்காரர் குறைவாகப் பேசலாம். 12க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அது தாராளம். டி 7000இல் இரண்டு மெமரி காட் போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி வைக்கலாம். ஒரு காட் பழுதானாலும் மற்றதில் இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

பழசு வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. எத்தனை படம் எடுத்த கெமரா என்று கேளுங்கள். டி 90இன் கதவை 1 லட்சம் தடவைக்கும், டி 7000இன் கதவை ஒன்றரை லட்சம் தடவைக்கும் கம்பனி சோதித்திருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு 1,000 படம் என்று வைத்தால் மிச்சம் எத்தனை கல்யாணம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

2. லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடு தெரிந்தால் அது பூஞ்சணம். நம்ம மலைப் பனிக்கும் ஈரத்துக்கும் இது சீக்கிரம் பிடிக்கும். அப்படிப்பட்ட லென்ஸை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

3. எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கறுப்புப் புள்ளி வந்தால் உள்ளே தூசி. துப்புரவாக்கலாம், ஆனால் அந்தக் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

4. சொந்தக் காட்டைப் போட்டு ஐம்பது படம் எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வாங்கியதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சல்லி போன்ற கடற்கரையில் எடுத்தால் உப்புக் காற்று படும். இராத்திரியே மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

காசுக்கு ஒழுங்கு

விலையை ரூபாவில் பார்க்காமல் எத்தனை நாள் பேர் என்று பாருங்கள். எத்தனை நாள் கொழுந்து எடுத்தால் இந்தக் கெமரா? அந்தக் கணக்குப் போட்டால் பாதி ஆசை தானாக அடங்கும். லீசிங்கில் எடுத்தால் கல்யாணம் இல்லாத மாதமும் தவணை வரும். மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்?

என் புத்தி இதுதான். முதல் இரண்டு கல்யாணத்துக்குக் கெமராவை வாடகைக்கு எடுங்கள். தனியாகப் பொறுப்பேற்காமல் அனுபவம் உள்ளவரோடு கூடப் போங்கள். கை படிந்த பிறகு சீட்டுக் காசில் பழைய கெமராவும் 50 லென்ஸும் வாங்குங்கள். அதற்கு முன்பே இரண்டு மெமரி காட், இரண்டு பற்றரி கட்டாயம். பாதிக் கல்யாணத்தில் காட்டை மாற்றுங்கள். அன்று இராத்திரி தூங்கும் முன் எல்லாப் படத்தையும் இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

பிளாஷ் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக் கூரைக்குக் கீழே பிளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் மெதுவாக இறங்கி முகத்தில் விழும். நம்ம லயத்தில் புகை பிடித்த கறுப்புத் தகரம். அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு வெள்ளை வேட்டியைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அதில் அடியுங்கள். கோயில் உள்ளே என்றால் முதலில் ஐயரிடம் உத்தரவு கேளுங்கள்.

கடற்கரையில் இன்னொரு பாடம். சல்லியில் கடல் கிழக்கே. காலை முகூர்த்தத்தில் சூரியனும் கடல் பக்கம்தான். கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கறுக்கத்தான் செய்யும். மதில் நிழலில் நிறுத்தி, கடல் வெளிச்சம் முகத்தில் படும்படி எடுத்தால் பிளாஷே வேண்டாம்.

நம்ம மலையில் இருந்த ஒரு படக்காரி

சாமான் பெரிதாக இருந்தால்தான் படம் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற வெள்ளைக்கார அம்மா, 1863இல் தன் 48ஆவது வயதில்தான் முதன்முதல் ஒரு கெமராவைத் தொட்டார். மகள் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடித் தகட்டில் எடுக்கிற காலம், ஒரு படத்துக்கு நிமிசக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பிளாஷ் கிடையாது. வெறும் பகல் வெளிச்சத்தில் அவர் எடுத்த முகங்களை இன்றைக்கும் உலகத்தின் பெரிய நூதனசாலைகளில் வைத்திருக்கிறார்கள். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டம் இருந்ததால் 1875இல் இங்கே வந்தார். 1879 ஜனவரியில் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் கோயில் தோட்டத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது.

இங்கே இருந்தபோது அவர் நாட்டு மக்களையும் படம் எடுத்தார். ஆனால் அந்தப் படங்களில் இருக்கிற பலர் யார் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. முகம் இருக்கிறது, பேர் இல்லை.

ஆகையால் கடைசியாக ஒன்று. போனில் மட்டும் படத்தை வைக்காதீர்கள். கழுவி, பின்பக்கம் பென்சிலால் பேர், ஊர், திகதி எழுதுங்கள். ஒரு பிரதியைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், உயிரோடும் வீட்டோடும் படங்களும் போயின. வேறு ஊரில் ஒரு பிரதி இருந்தவர்களுக்கு மட்டுமே முகம் மிஞ்சியது.

என்னைக் கேட்ட தம்பி லீசிங்கை விட்டுவிட்டார். வருகிற மாதம் பக்கத்துத் தோட்டக் கல்யாணத்துக்கு இன்னொருவரோடு உதவிக்குப் போகிறார். நீங்களும் அவசரப்படாமல் யோசித்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பெரட்டு முடிந்த பிறகு ஆபீசுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்