நம்பியது குற்றமா?

பர்மிங்ஹாமில் ரெட்கிரேவ் என்ற வயதான வழக்கறிஞர், தொழிலில் கூட்டாளி வேண்டும், தன் வீட்டையும் அவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். வந்தவர் ஹர்ட். ஆண்டுக்கு 300 பவுண்டாவது வரும் என்றார் ரெட்கிரேவ்; காட்டிய கணக்கிலோ 200 கூடத் தேறவில்லை. மீதி எங்கே என்று கேட்டதும் சில காகிதங்களைக் காட்டி, இதில் இருக்கிறது என்றார். ஹர்ட் அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், ஐந்தாறு பவுண்டு வேலைதான் அதில் இருந்தது தெரிந்திருக்கும். 1,600 பவுண்டுக்கு வீடு பேசி, 100 பவுண்டு முன்பணமும் கொடுத்தார். உண்மை தெரிந்து அவர் பின்வாங்க, ரெட்கிரேவ் வழக்குப் போட்டார். காகிதம் கண்ணெதிரே இருந்தும் பார்க்காதவர் மேல்தான் தப்பு என்ற வாதம் முதலில் எடுபட்டது. 1881-ல் மேல்முறையீட்டில் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் அதைத் தள்ளிவிட்டார்: பொய்யான தகவலைச் சொன்னவரே, 'நீ ஏன் சரிபார்க்கவில்லை' என்று கேட்க முடியாது. ஒப்பந்தம் ரத்தாகி, முன்பணம் திரும்பியது.

அதற்கு ஒன்பது ஆண்டு மூத்த நம் 1872 ஒப்பந்தச் சட்டம் வேறு பக்கம் சாய்கிறது. தெரியாமல் சொன்ன தவறான தகவலானாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்னும் 19-வது பிரிவு, சாதாரணக் கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவருக்கு அந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறது. வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு இந்தத் தப்பிப்பு கிடையாது. சட்டமே தரும் உதாரணம் அவுரிச் சாயத் தொழிற்சாலை: 500 மணங்கு உற்பத்தி என்கிறார் விற்பவர், வாங்குபவர் கணக்கைப் பார்க்கிறார், 400தான், அப்படியும் வாங்குகிறார். அவர் புகார் சொல்ல முடியாது. நியாயம்தான், விற்பவர் பேச்சை நம்பி வாங்கவில்லையே. ஆனால் கணக்கைப் பார்த்தவரையும், பார்க்க முடிந்தும் பார்க்காதவரையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வாங்குகிறவன் விழிப்பாக இருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் விற்பவர் அழுத்தமாக ஒன்றைச் சொல்வதே அந்த விழிப்பைத் தளர்த்தத்தானே? நல்லெண்ணத்தோடு சொன்னவர் ஏன் தண்டனை பெற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ரத்து தண்டனையே அல்ல: வீடு அவருக்கு, பணம் இவருக்கு. பொய் என்று தெரிந்த பிறகும் அதன் பலனை வைத்துக்கொள்ள அவருக்கு என்ன உரிமை? நம்மூரில் 'சொத்தில் வில்லங்கம் இல்லை' என்ற பேச்சுக்கு இது நேராகப் பொருந்தும். வில்லங்கச் சான்றிதழை யாரும் வாங்கிப் பார்க்கலாம் என்பதாலேயே, பார்க்காதவரின் வாயை அடைப்பது எளிதாகிறது. அந்தச் சான்றிதழோ பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். வாய்மொழிக் குத்தகை அதில் ஏறாது.