பெயர்ப்பலகையும் விதிவிலக்கும்

கடை தம்முடையதாயினும், பெயர்ப்பலகையை விரும்பிய அளவில் நாட்ட அமெரிக்க வணிகருக்கு உரிமையில்லை. நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதி அதற்கு எல்லை வகுக்கிறது. நிலத்தை வகைப்படுத்தி ஆளும் இத்தகைய விதிகள் செல்லுமென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது.

பேரங்காடி வளாகமோ, பரந்த வண்டி நிறுத்துமிடத்துக்கு அப்பால், சாலையினின்று வெகுவாக ஒதுங்கி நிற்பது. தெருவோரக் கடைக்குப் போதுமான பலகை அங்கே கண்ணுக்கு எட்டாது. ஆதலின் உரிமையாளர் விதிவிலக்கு கோரி, அதற்கென அமைந்த வாரியத்தை அணுகுவார். வாரியம் அக்கம்பக்கத்தாரின் கருத்தையும் கேட்டு, வெளிப்படையாக விசாரிக்கும். இடர்ப்பாடு நிலத்தின் அமைப்பால் நேர்ந்ததா, இலாப ஆசையால் எழுந்ததா? முன்னதாயின், குறையைப் போக்கும் அளவுக்கு மட்டும் இசைவு தரலாம். பின்னதாயின் மறுப்பதே முறை. காரணமின்றி ஒருவருக்கு இளக்கினால், அடுத்தவர் அதனினும் பெரிய பலகை கேட்பார். எதிர்வீட்டாரின் சன்னலில் இரவெல்லாம் விளக்கொளி விழும்.

விதியின் நோக்கத்தைக் காப்பதற்கே விதிவிலக்கு உள்ளது என்று நான் கருதுகிறேன்.